கடலோடிகளின் நினைவுகளைப் பதிவது ஒரு தொழிலாகுமா? கொழும்பிலிருந்து ஒரு விரிவான பதில்

வரலாற்றில் பட்டம் பெற்று வெள்ளவத்தையில் வசிக்கும் நீங்கள் மூன்று விடயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். கடல்சார் வரலாற்றாசிரியராகக் கொழும்பில் இருந்துகொண்டே தொழில் செய்ய முடியுமா என்பது ஒன்று. கடலோடிகளின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்வதற்கு என்ன பயிற்சி வேண்டும் என்பது இரண்டாவது. நாற்பது ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் வேலை செய்து, இப்போது 84 வயதில் வீட்டோடு இருக்கும் உங்கள் அம்மப்பா ஆண்டுகளையும் துறைமுகங்களையும் மாற்றி மாற்றிச் சொல்வதால் அவரைப் பதிந்துவைப்பதில் பயன் உண்டா என்பது மூன்றாவது. கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டும் தாமாகவே தெளிவாகும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நிச்சயமாகப் பயன் உண்டு. அவர் மாற்றிச் சொல்லும் இடங்களிலேயே உங்கள் வேலை தொடங்குகிறது. கப்பலின் நாட்குறிப்பேடு ஒவ்வொரு நான்கு மணித்தியாலக் காவல்முறைக்கும், அதாவது மாலுமிகள் முறைவைத்துப் பணியில் நிற்கும் நேரத்துக்கும், காற்றின் திசை, வேகம், செல்திசை, வளியமுக்கம் ஆகியவற்றைச் சொல்லிவிடும். அந்தக் காவல்முறையில் சுக்கானைப் பிடித்து நின்றவனுக்கு முதல்நாள் வந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அது சொல்லாது. ஏட்டையும் ஆளையும் எதிரெதிரே வைத்து, அவை ஒத்துப்போகும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒத்துப்போகாத இடத்தில் ஏன் என்று கேட்பவரே நான் புரிந்துகொண்ட கடல்சார் வரலாற்றாசிரியர். இந்தப் பாடத்தை நான் ஒரு பெரிய தவறின் மூலமாகவே கற்றேன். அதைச் சற்று விரிவாகச் சொல்வது உங்களுக்கு உதவும்.

1996 இல் கொட்டாஞ்சேனையில் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவரைப் பதிவு செய்தேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பதினேழு வயதில், நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் ஏற்றிச்செல்லும் படகில் அவர் கையாளாக இருந்தார். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதை அவர் நேரில் கண்டவர். வானத்தில் விமானங்களைக் கண்டபோது அவை நம்முடையவை என்று எண்ணிக் கை அசைத்ததையும், துறைமுகத்தில் எழுந்த எண்ணெய்ப் புகையில் வெள்ளைச் சட்டையெல்லாம் கரிப்பொட்டு விழுந்ததையும் சொன்னார். பிறகு, "ரெண்டு பெரிய குறூசர் கப்பலும் எங்கட கண்ணுக்கு முன்னால இங்கதான் தாண்டு போச்சு தம்பி" என்றார். கோர்ன்வோல், டோர்செற்ஷயர் என்று அந்த இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்களின் பெயரையும் தடுமாற்றமின்றிச் சொன்னார்.

ஆவணங்கள் சொல்வது வேறு. அன்று கொழும்புத் துறைமுகத்துக்குள் மூழ்கியவை டெனிடோஸ் என்ற நாசகாரிக் கப்பலும் ஹெக்டர் என்ற ஆயுதம் தரித்த வணிகக் கப்பலும் ஆகும். கோர்ன்வோலும் டோர்செற்ஷயரும் ஏப்ரல் 4 ஆம் திகதி இரவே கொழும்பை விட்டுப் புறப்பட்டுவிட்டன. கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், தாம் ஓட்டிய கற்றலினா விமானம் சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன், இலங்கையை நோக்கி வரும் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைப் பற்றி எச்சரிக்கை அனுப்பியிருந்தார். அதைத் தொடர்ந்தே துறைமுகத்திலிருந்து இயன்ற கப்பல்களை வெளியேற்றினார்கள். இந்த இரண்டு கப்பல்களும் பிரித்தானிய அட்மிரல் சோமர்வில்லின் படையுடன் சேர்வதற்காக விரைந்துகொண்டிருந்தபோது, 5 ஆம் திகதி பிற்பகல், இலங்கைக்குத் தென்மேற்கே நடுக்கடலில் தாக்கப்பட்டு மூழ்கின. 424 பேர் இறந்தனர். 1,122 பேர் முப்பது மணித்தியாலம் அளவில் நீரில் கிடந்து, மறுநாள் மாலை மீட்கப்பட்டனர். கொழும்பில் கரையில் நின்ற எவரும் அவை மூழ்குவதைக் கண்டிருக்க முடியாது.

இவற்றையெல்லாம் நான் அப்போதே அறிந்திருந்தேன். அறிந்திருந்த பெருமையில், எழுத்தாக்கிய பிரதியின் ஓரத்தில் "தவறு, பார்க்க: ஹெக்டர், டெனிடோஸ்" என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு தேவைக்காக அதே ஒலிநாடாவைக் கேட்டபோது, ஒரு மணித்தியாலத்துக்கு முன்னரே அவர் சொல்லியிருந்த ஒரு செய்தி காதில் விழுந்தது. டோர்செற்ஷயர் கொழும்பில் பழுதுபார்ப்புக்காக நின்றபோது அவருடைய படகு அதற்குப் பலமுறை பொருள் கொண்டுபோயிருக்கிறது. அந்தக் கப்பலின் சமையற்காரர் ஒருவர் அவருக்கு ஒவ்வொரு முறையும் தகரப் பேணியில் அடைத்த இனிப்புப் பாலைக் கொடுத்திருக்கிறார். அவர் அறிந்த கப்பல் அது. சனிக்கிழமை பகலில் கண்டிருக்கிறார். ஞாயிறு காலையில் துறைமுகம் எரிந்தது. அதன் பிறகு அந்தக் கப்பலை அவர் கண்டதே இல்லை. போர்க்காலத்தில், அது எங்கே மூழ்கியது என்று ஒரு படகுப் பையனிடம் எந்த அதிகாரியும் சொல்லியிருக்கப் போவதில்லை. தாம் அறிந்த மனிதர்கள் போன இடத்தை, தாம் கண்ட நெருப்போடு அவர் சேர்த்துக்கொண்டார். அவருடைய மனத்தில் இருந்தது இழப்பு. நான் அதைப் பிழைதிருத்தம் செய்துகொண்டிருந்தேன். "அந்தச் சமையற்காரரைக் கடைசியாக எப்போது கண்டீர்கள் ஐயா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் திரும்பிப் போனபோது அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வாய்மொழி வரலாற்றைப் படிப்பவர்கள் எல்லோரும் அறிந்த இத்தாலிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தெர்னி என்ற எஃகு ஆலை நகரில் லூயிஜி திராஸ்துல்லி என்ற தொழிலாளி 1949 மார்ச்சில் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தின்போது காவற்படையால் கொல்லப்பட்டார். ஆனால் அந்த ஊர்த் தொழிலாளர் பலர், பெருந்தொகையானோர் வேலையிழந்த 1953 ஆம் ஆண்டுப் போராட்டத்தில் அவர் இறந்ததாகவே நினைவு வைத்திருந்தனர். அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அந்தத் தவறான ஆண்டைத் திருத்தியதோடு நிற்காமல், ஊர் முழுவதும் அந்த மரணத்தை ஏன் நான்கு ஆண்டுகள் தள்ளிவைத்தது என்று கேட்டார். பதில் சொல்லாமல் விட்ட ஒரு மரணம், மக்கள் எதிர்த்து நின்ற ஒரு நாளோடு சேர்ந்தபோதுதான் அவர்களால் தாங்கக்கூடியதாயிற்று என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். உங்கள் அம்மப்பா சிங்கப்பூரில் நடந்ததை மொம்பாசாவில் நடந்ததாகச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறை எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாவார்ட் பேராசிரியர் சாமுவேல் எலியட் மொரிசன் 1942 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் இசைவுடன் அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்து, போர்க்கப்பல்களிலேயே பயணம் செய்து, 15 தொகுதிகளாக அதன் போர் வரலாற்றை எழுதினார். அது பெரும் சாதனை. எனினும் அதில் கட்டளைத்தளத்தில் நின்றவர்களின் பார்வையே மேலோங்கியிருக்கிறது. 1948 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அலன் நெவின்ஸ் வாய்மொழி வரலாற்று அலுவலகத்தைத் தொடங்கினார். அந்த வழியில் வந்த ஜோன் மேசன் 1969 இல் அமெரிக்கக் கடற்படைக் கழகத்தில் இதற்கெனத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அவருக்குப் பின் அதைப் பல ஆண்டுகள் நடத்திய போல் ஸ்டில்வெல், தாமே போர்க்கப்பலில் பணிபுரிந்தவர். இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் ஒலிக்காப்பகம் 1972 இல் தொடங்கியது.

ஸ்டில்வெல்லின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, 1944 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையின் முதல் கறுப்பின அதிகாரிகளான பதின்மூவரைப் பற்றியது. அவர்கள் பயிற்சியில் சேர்ந்த நாளும் பெற்ற நியமனமும் ஆவணத்தில் கிடைக்கும். இரவில் விளக்கணைத்த பிறகு, யன்னல்களைத் துணியால் மறைத்துக்கொண்டு குளியலறையில் கூடி, ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்துப் படித்ததை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது. தேர்வுகளில் எல்லோரும் ஒரே மாதிரி உயர்ந்து நின்றதற்கு அந்தக் குளியலறைதான் விளக்கம். அதைக் கேட்டுப் பதிய ஒருவர் இல்லாமல் போயிருந்தால் வெறும் மதிப்பெண்கள்தான் எஞ்சியிருக்கும்.

நம்மிடம் இத்தகைய நிறுவனம் இல்லையே என்று நீங்கள் கவலைப்படலாம். நிறுவனம் குறைவு, பொருள் மிகுதி என்பதுதான் கொழும்பின் நிலை. இந்த நகரத்தைச் சுற்றி எத்தனை வகையான கடலோடிகள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து தோணியில் வந்து முகத்துவாரத்திலும் கொச்சிக்கடையிலும் குடும்பமாகிவிட்டவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். வ.உ.சிதம்பரம்பிள்ளை 1906 இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பனியின் கலியா, லாவோ ஆகிய கப்பல்கள் இதே தூத்துக்குடி - கொழும்புப் பாதையில் ஓடியவைதான். வல்வெட்டித்துறைக் கப்பலோட்டிகளின் வழிவந்தவர்கள் வெள்ளவத்தையிலேயே பலர். அந்த ஊரில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், புதுப்பெயருடன், ஊர்க்காரர்களே மாலுமிகளாக இருக்க, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையைச் சென்றடைந்தது. 1950 டிசம்பர் 9 ஆம் திகதி உருவான அரச இலங்கைக் கடற்படையில் தொடக்க ஆண்டுகளில் சேர்ந்த தமிழர்கள் சிலர் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். 1960 முதல் 1970 வரை அந்தக் கடற்படையின் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர் என்பது இன்றைய இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கலாம். இவர்களுக்கு அப்பால் இழுவைப் படகு ஓட்டியவர்கள், சுழியோடிகள், கப்பற் சமையற்காரரான பண்டாரிகள், உங்கள் அம்மப்பாவைப் போல உலக வணிகக் கப்பல்களில் உழைத்தவர்கள் என்று வரிசை நீள்கிறது. 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது கரையொதுங்கிய பிளாஸ்ரிக் மணிகளை வலையிலிருந்து பொறுக்கிய மீனவரின் நினைவும் இப்போதே வரலாறாகிக்கொண்டிருக்கிறது.

கடலோடியின் மனைவியை மறந்துவிடாதீர்கள். நான் முதற் பத்து ஆண்டுகளில் செய்த பதிவுகளில் பெண்குரல், தேநீர் கொண்டுவந்து வைக்கும்போது மட்டுமே கேட்கிறது. அது எனக்கு இன்றும் உறுத்தும் குறை. கணவருடைய சம்பளத்தில் மாதாமாதம் வீட்டுக்கு வந்த அலொட்மென்ற் பணத்தை வைத்து வீடு கட்டியதும், தந்தி வந்தால் படிக்கும்முன் கை நடுங்கியதும், மூன்று வயதுப் பிள்ளை தகப்பனைக் கண்டு அழுததும் அவர்களிடம்தான் இருக்கிறது. உங்கள் அம்மம்மா உயிருடன் இருந்தால் அவரைத் தனியாக, வேறொரு நாளில் பதியுங்கள். ஒருவர் முன்னால் மற்றவர் சொல்வதும், தனியே சொல்வதும் ஒன்றாக இருக்காது.

இனி எப்படிக் கேட்பது என்பது பற்றி. "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால், ஏற்கனவே பலமுறை பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி மெருகேறிய நான்கு கதைகள் வரும். அவற்றை மரியாதையாகக் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு உடம்புக்கும் பொருளுக்கும் உரிய கேள்விகளுக்குப் போங்கள். படுக்கை எங்கே இருந்தது, எந்திர அறையின் சத்தம் அங்கே கேட்டதா, நன்னீர் எத்தனை வாளி கிடைத்தது, சோறு யார் வடித்தார்கள், செராங் (மாலுமிகளின் மேலாள்) எந்த மொழியில் ஏசினார், முதன்முதலில் பயந்த இரவில் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது. இத்தகைய கேள்விகளுக்கு ஒருவர் முன்கூட்டியே விடை தயாரித்து வைத்திருப்பதில்லை.

திகதியை ஒருபோதும் நேராகக் கேட்காதீர்கள். பழைய தோணிக்காரர்கள் ஆண்டை எண்ணால் நினைவு வைத்திருப்பதில்லை. கச்சான் காற்று எழும்பிய பிறகு, வாடைக்காற்று விழுந்த கையோடு, கொச்சிக்கடை அந்தோனியார் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை, தூத்துக்குடியில் பனிமய மாதா தேர் முடிந்து என்றுதான் சொல்வார்கள். அந்தோனியார் திருவிழா ஜூன் 13, பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5 என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களும் தெரிந்திருந்தால், பாதி திகதியை நீங்களே கண்டுகொள்ளலாம். வணிகக் கப்பலில் சென்றவர்களிடம் சீ.டீ.சீ. (CDC) என்ற கடற்பணிப் பதிவுப் புத்தகம் இருக்கும். எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்தில், எந்த நாளில் சைன்-ஒன் செய்தார், எங்கே சைன்-ஓஃப் ஆனார் என்பதெல்லாம் அதில் முத்திரையோடு இருக்கும். அதைப் பேட்டிக்கு முன்னரே பிரதியெடுத்துப் படித்துவிடுங்கள். ஆனால் அவர் பேசும்போது அதை எடுத்துக் காட்டித் திருத்தாதீர்கள். முதல் அமர்வு முழுவதும் அவருடைய வரிசையில் போகட்டும். இரண்டாவது அமர்வில் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டச் சொல்லுங்கள். முத்திரையைக் கண்டதும் எழும் நினைவு வேறு வகையானது.

கொழும்புக்கே உரிய ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். 1942 ஆம் ஆண்டுக் குண்டுவீச்சை நாங்கள் எல்லோரும் "உயிர்த்த ஞாயிறு தாக்குதல்" என்றே கேள்வியில் குறிப்பிட்டு வந்தோம். தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரல் 21 இற்குப் பிறகு அந்தச் சொற்களுக்கு இந்த நகரத்தில் ஒரே பொருள்தான். கொச்சிக்கடைப் பக்கத்தில் ஒரு முதியவளிடம் நான் பழைய பழக்கத்தில் அப்படிக் கேட்டபோது, அவர் சிறுமியாக இருந்தபோது கேட்ட குண்டுச் சத்தத்தைச் சொல்லத் தொடங்கி, இடையில் நின்று, கோயிலில் இறந்த தமது உறவினரைப் பற்றி அழுதார். அன்று பதிவை நிறுத்திவிட்டேன். அதன்பின் "ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள்" என்று மட்டுமே கேட்கிறேன். சொற்கள் நம் கண்முன்னாலேயே பொருள் மாறுகின்றன. இதற்கு நேர்மாறாக, 1914 செப்டெம்பரில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன், ஒலிப்பதிவுக் கருவியே இல்லாத காலத்தில், ஊர்ப் பேச்சில் நூறாண்டு தாண்டி உயிரோடு இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்று பேசும் கிழவிக்கு அது கப்பலின் பெயர் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கைகளையும் பதிய வேண்டும். முகத்துவாரத்தில் முன்னாள் தண்டையல் (தோணித் தலைவர்) ஒருவரிடம், திடீர்ப் புயலில் பாயை எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. என் பையின் வாரைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி, ஒரு முனையைக் கதிரைக் காலில் சுற்றி, மறுமுனையை இடக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வளைத்து, ஒரே இழுப்பில் அவிழும்படி ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டினார். அவிழ்த்து, மீண்டும் போட்டார். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு போட்டார், ஏனென்றால் அது இரவில் செய்யும் வேலை. வீட்டுக்கு வந்து கேட்டபோது ஒலிநாடாவில் நான்கு நிமிடங்களுக்கு மின்விசிறியின் சத்தமும் அவருடைய மூச்சும் மட்டுமே இருந்தன. அன்றிலிருந்து, கை பேசும்போது நான் மெல்லிய குரலில் வாயால் சொல்லிக்கொண்டே போகிறேன்: "ஐயா இப்போது கயிற்றை இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றுகிறார்." காணொளி எடுத்தாலும் இதைச் செய்யுங்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்றும், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியும் கையடக்கக் கருவி ஒன்றும் போதும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் அளவில் இரட்டைத் தடத்தில் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 கிகாபைட் இடம் வேண்டும். விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது அது இல்லாத அறையைத் தேடுங்கள். அன்றிரவே மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். நான் இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் பதிந்த என் ஒலிநாடாப் பெட்டி ஒன்றை ஒருநாள் திறந்தபோது, கொழும்பின் ஈரக்காற்றில் நாடாச் சுருள்களின்மேல் வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சுபோலப் படர்ந்திருந்தது. பதினொரு பேரின் குரல் அதில் போயிற்று. பேசி முடித்த ஒருவரை இரண்டாவது முறை பேசவைக்க அவர்கள் யாரும் அப்போது உயிருடன் இல்லை.

எழுத்தாக்கம் செய்வதே இந்தத் தொழிலின் பெரும்பகுதி. ஒரு மணித்தியாலப் பதிவை எழுத எனக்கு எட்டு மணித்தியாலம் வரை ஆகிறது. பேச்சைச் செந்தமிழாக்காதீர்கள். துறைமுகத் தமிழில் போர்த்துக்கேயம், மலாய், உருது, ஆங்கிலம் எல்லாம் கலந்து கிடக்கும். செராங், பண்டாரி, கப்பித்தான், தண்டையல் என்ற சொற்களை எடுத்துவிட்டு "கப்பல் ஊழியர்" என்று எழுதினால் அந்த மனிதருடைய தொழிலில் அவருக்கு இருந்த இடமே அழிந்துபோகும். ஒவ்வொருவருக்கும் ஒரு சொற்பட்டியல் வைத்திருங்கள். ஒரே காற்றை யாழ்ப்பாணத்து மனிதர் சோளகம் என்பார், மற்றவர் வேறு பெயரில் சொல்வார்.

ஆவணப் பக்கத்துக்கு, கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் தொடங்குங்கள். பழைய நாளிதழ்களும் துறைமுக நிருவாகத்தின் அரசாங்க அறிக்கைகளும் அங்கே கிடைக்கும். பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் நாட்குறிப்பேடுகள் இலண்டனுக்கு அருகே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.டி.எம். 53 (ADM 53) என்ற வரிசையில் இருக்கின்றன. கட்டணம் செலுத்திப் பிரதி பெறலாம். திருகோணமலையில் ஒஸ்டன்பேர்க் முனையில் உள்ள ஹூட்ஸ் டவர் கடற்படை அருங்காட்சியகத்தையும், கோட்டையில் துறைமுக அதிகாரசபையின் கடல்சார் அருங்காட்சியகத்தையும் ஒருமுறையாவது நிதானமாகப் பாருங்கள். பொருளைக் கண்ணால் கண்டவர் கேட்கும் கேள்வி வேறு. கொழும்பு லிவரமென்று மயானத்திலும் திருகோணமலைப் போர் மயானத்திலும் கற்களில் உள்ள வயதுகளைப் படித்துக்கொண்டு நடந்தால், போரில் இறந்தவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதினர் என்பது தெரியும்.

மொழியைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன். தமிழும் ஆங்கிலமும் மட்டும் வைத்துக்கொண்டு கொழும்பில் இந்த வேலையைச் செய்ய இயலாது. ஒரே இழுவைப் படகில் முப்பது ஆண்டு ஒன்றாக வேலை செய்த தமிழரும் சிங்களவரும் மலாயரும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மட்டும் பதிந்தால் படகின் ஒரு பக்கம்தான் கிடைக்கும். உங்கள் சிங்களம் கடையில் பேசுமளவு மட்டும் இருந்தால், அடுத்த இரண்டு ஆண்டுகளை அதற்கு ஒதுக்குங்கள். அத்துடன் கடல்வரைபடம் வாசிக்கவும், காவல்முறைகளின் நேரம், கடல் மைல் 1,852 மீற்றர் என்பது போன்ற அடிப்படைகளையும் கற்றுக்கொள்ளுங்கள். கடலோடி, தம் முன்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது என்று கண்டால் கதை சொல்வார். தெரியும் என்று கண்டால் வேலையைப் பற்றிப் பேசுவார்.

ஒப்புதல் இல்லாமல் எதையும் பதியக் கூடாது. தமிழில், ஒரே பக்கத்தில், எளிய சொற்களில் ஒப்புதல் கடிதம் தயாரியுங்கள். யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம், எந்தப் பகுதியை மூடிவைக்க வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும், கடற்படையில் இருந்தவர்களைப் பதியும்போது 1955 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க உத்தியோக இரகசியச் சட்டத்தையும் படித்து வைத்திருங்கள். உள்நாட்டுப் போர்க்காலத்தைப் பற்றிய பேச்சு எப்படியும் வரும். தாம் கண்டதைச் சொல்ல விரும்புபவர் எந்தத் தரப்பில் இருந்தவராயினும் கேளுங்கள், ஆனால் தூண்டிக் கேட்காதீர்கள். அதில் மூன்றாம் ஆளின் பெயர் வந்தால், அவர் உயிருடன் இருக்கும்வரை அந்தப் பகுதியை வெளியிடாதீர்கள். என்னிடம் இன்னும் இருபது ஆண்டுகள் கழித்தே திறக்கப்பட வேண்டிய நான்கு பதிவுகள் உள்ளன. அவற்றை நான் எழுதப்போவதில்லை. எனக்குப் பின் வருபவர் எழுதுவார்.

வருமானத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். இந்தப் பெயரில் மாதச் சம்பளம் தரும் பதவி எதையும் நான் கொழும்பில் கண்டதில்லை. என்னுடைய குடும்பம் வாழ்ந்தது என் ஆசிரியர் சம்பளத்தில். எனக்குத் தெரிந்த மற்றவர்கள் பல்கலைக்கழகத்தில், நூலகத்தில், நாளிதழில், கப்பல் முகவர் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதிகளில் பதிவு செய்கிறார்கள். நீங்கள் முதுகலைக்குப் போவதாக இருந்தால், வாய்மொழி வரலாற்றை முறையாகக் கற்பிக்கும் மேற்பார்வையாளரைத் தேடிச் செல்லுங்கள், இடத்தின் பெயருக்காகப் போகாதீர்கள். எழுத்துத் திறன் இருந்தால் மொழிபெயர்ப்பும் எழுத்தாக்கமும் சிறு வருமானம் தரும். நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் வாய்மொழி வரலாறுகளைப் பதிந்து எண்ணிம வடிவில் பேணிவருகிறது. உங்கள் பதிவுகள் உங்கள் மடிக்கணினியோடு அழியாமல் இருக்க அத்தகைய இடத்தோடு தொடக்கத்திலேயே தொடர்பு கொள்வது நல்லது. வேலையைத் தேடிக்கொண்டு பதிவைத் தள்ளிவைக்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். வேலை அடுத்த ஆண்டும் கிடைக்கலாம்.

ஆகவே இந்த வாரம் செய்யவேண்டியது இதுதான். காலையில், அவர் உணவுண்டு களைப்பாறிய பிறகு, ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேற்படாமல் முதல் அமர்வை வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் திகதி, இடம், இருவர் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லுங்கள். சீ.டீ.சீ. புத்தகம் அலுமாரியிலேயே இருக்கட்டும். "அம்மப்பா, முதல் கப்பலுக்குப் போன அன்று வீட்டிலிருந்து என்ன கொண்டுபோனீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர் எவ்வளவு நேரம் யோசித்தாலும் இடையில் பேசாமல் இருங்கள்.